ஓதப் போற புள்ளைகளும் நம்ம தோட்டத்துப் புள்ளைகளும்



பெற்றோர் கூட்டங்களில் மாலை வகுப்பு, ஞாயிறு வகுப்பு பற்றி நாங்கள் பேச்சை எடுத்ததும் ஒரு கேள்வி வரும். "அரசாங்கப் பாடசாலை இருக்கே, மாஸ்டர் இருக்காரு, புத்தகம் சும்மா கிடைக்குது. அதுக்கு மேல இன்னொரு பள்ளிக்கூடம் எதுக்குங்க?" இது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக நம் நாட்டிலேயே இருக்கிற ஓர் உதாரணத்தை இந்த இதழில் விளக்கிச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

அந்த உதாரணம் மலைக்குக் கீழே, கிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்துக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே போனால் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று முஸ்லிம் மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள் வரும். சற்று உள்ளே சம்மாந்துறை. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் போன்ற தமிழ் ஊர்களும் உண்டு. அந்த முஸ்லிம் மக்களுக்கும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். அவர்களுடைய பிள்ளைகளும் அரசாங்கப் பாடசாலையில் தமிழிலேதான் படிக்கிறார்கள். வயலும் மீன்பிடியும் வியாபாரமும் கைத்தறியும் அவர்களுடைய தொழில்கள். நெல் விளைச்சலில் அம்பாறை நாட்டில் முன்னணி மாவட்டம். நம் வீடுகளில் உலை வைக்கும் அரிசியிலும் அந்த வயல்களின் பங்கு இருக்கும்.

அந்த ஊர்களில் ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் இல்லை, இரண்டு. காலையில் அரசாங்கப் பாடசாலை. மாலையில் ஊரார் தாங்களே நடத்துகிற ஓதல் பள்ளி. வார இறுதியில் பல இடங்களில் அஹதிய்யா பாடசாலையும் உண்டு. இந்த இரண்டாவது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறோம்.

ஓதப் போவது என்றால் என்ன?

நாலைந்து வயதானதும் பிள்ளையை ஓத அனுப்புவது அங்கே பழைய வழக்கம். அரபு எழுத்து 28. அவற்றை அலிஃப், பா, தா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, பிறகு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கி, சின்ன அத்தியாயங்களிலிருந்து தொடங்கிக் குர்ஆன் முழுவதையும் வாசிக்க வைப்பார்கள். குர்ஆன் 30 பாகமும் 114 அத்தியாயமும் கொண்டது. எனவே இது ஒரு மாதத்தில் முடிகிற காரியமல்ல, சில வருடங்கள் பிடிக்கும். பிள்ளை ஓதி முடிக்கும் நாளில் வீட்டில் இனிப்புப் பங்கிடுவார்கள். சொந்தபந்தம் கூடும். ஓதிக் கொடுத்தவருக்கு மரியாதை செய்வார்கள்.

ஓதுவது அரபு மொழியில் என்றாலும் விளக்கம் சொல்வது தமிழில். தொழுகை எப்படி, பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது, பொய் சொல்லக் கூடாது, அடுத்த வீட்டுக்காரன் பசித்திருக்கும்போது நாம் வயிறு நிறையத் தின்னக் கூடாது என்பதெல்லாம் பிள்ளையின் சொந்தப் பேச்சிலேயே போய்ச் சேருகிறது.

முற்காலத்தில் இதற்கு ஒரு விசேஷமான வழியும் இருந்தது. தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதுவார்கள். தமிழில் இருந்து அரபில் இல்லாத ஓசைகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்த புது எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். இதை அரபுத் தமிழ் என்பார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்த எழுத்தில் பல சமய நூல்கள் இருந்தன. பாடசாலை வாசலையே மிதிக்காத பெண்கள்கூட ஓதல் பள்ளியில் பழகிய எழுத்தைக் கொண்டு தமிழில் உள்ள விஷயங்களை வாசித்துத் தெரிந்துகொள்ள அது வழி செய்தது. அரசாங்கம் தராத எழுத்தறிவை ஊர் தந்தது என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அஹதிய்யா என்றால் என்ன?

அரபு மொழியில் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லும் பெயரிலிருந்து அஹதிய்யா என்ற பெயர் வந்தது. பௌத்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறு தம்ம பாடசாலை, இந்துப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி இருப்பதுபோல முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது. ஓதல் பள்ளியில் முக்கியமாக வாசிப்பு நடக்கும். அஹதிய்யாவில் வகுப்பு வகுப்பாகப் பாடப் புத்தகம், சரித்திரம், ஒழுக்கம், பரீட்சை எல்லாம் உண்டு. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் இவற்றைப் பதிவு செய்கிறது. ஆனாலும் வகுப்பைத் தொடங்குவதும் நடத்துவதும் ஊரார்தான். படிப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள்.

அதை யார் நடத்துகிறார்கள்? காசு எங்கிருந்து வருகிறது?

நம்ம ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆகவே கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

முதலாவது, இடம். புதுக் கட்டடம் எழும்பட்டும் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. பள்ளிவாசல் முற்றம், பள்ளிவாசலோடு ஒட்டிய அறை, இல்லாவிட்டால் ஒரு வீட்டு விறாந்தை போதும். பாய் விரித்தால் வகுப்பு. அந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடிப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இதனால் அக்கா தங்கச்சிமார் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் இருப்பார்கள். அவர்களில் நன்றாக ஓதத் தெரிந்த ஒருத்தி தன் விறாந்தையில் உட்கார்ந்தால் சாச்சி பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள், அயல் பிள்ளைகள் என்று ஒரு வகுப்பே சேர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகள் தூரம் போகத் தேவையில்லை.

இரண்டாவது, படிப்பிப்பவர். முன்பு லெப்பை என்று சொல்லப்பட்டவரே ஓதிக் கொடுத்தார். இப்போது மௌலவிமாரும், ஓதிக் கொடுக்கப் பழகிய பெண்களும் செய்கிறார்கள். பெரிய சம்பளம் எதிர்பார்த்துச் செய்கிற வேலை அல்ல இது. ஊர் தருகிற மரியாதையும் அதில் ஒரு பகுதி. வீதியில் போகும்போது பிள்ளைகள் ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள்.

மூன்றாவது, காசு. ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் நிர்வாக சபை உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் தாய்வழியாக வரும் குடி முறை இருக்கிறது. குடிக்கு ஒருவர் என்று மரைக்காயர்மார் பள்ளிவாசல் காரியங்களைப் பார்ப்பது பழைய ஏற்பாடு. குடும்பங்கள் சந்தா கொடுக்கும். கடைக்காரர் நன்கொடை கொடுப்பார். அறுவடை முடிந்ததும் விவசாயி நெல்லில் ஸக்காத் ஒதுக்குவார். மழையை நம்பிய விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, நீர் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு என்பது மார்க்கச் சட்டம். அது ஏழைகளுக்குச் சேர வேண்டியது. அந்த வகையில் ஏழைப் பிள்ளையின் கொப்பிக்கும் உடுப்புக்கும் அதில் வழி உண்டு. இப்படிப் பல கை சேர்ந்துதான் காரியம் நடக்கிறது. ஒரு முதலாளி தூக்கி நிறுத்தியதல்ல. ஒரு முதலாளி மட்டும் தூக்கி நிறுத்தியிருந்தால் அவர் போனதும் விழுந்திருக்கும்.

நாலாவது, நேரம். பாடசாலை நேரத்தோடு மோதாமல் வைக்கிறார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு சில இடத்தில், மஃரிபுக்குப் பிறகு சில இடத்தில். கிழமையில் பல நாள், ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம். "பரீட்சை வருது, ஒரு மாசம் படிங்க" என்கிற மாதிரி அல்ல. தினமும் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து, ஒன்றைக் கவனித்து, வாய் விட்டு வாசிக்கிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு ஏழு வயதுக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் கணக்குக்கும் உதவும், விஞ்ஞானத்துக்கும் உதவும்.

1942இல் நடந்த ஒரு காரியம்

இந்த ஊர்கள் எப்போதும் படிப்பில் முன்னுக்கு நின்றவை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் ஓதல் பள்ளி இருந்தது, ஆனால் பெரிய படிப்புக்குப் போகும் பிள்ளைகள் மிகக் குறைவு. நாட்டு முஸ்லிம்களின் படிப்புக்காக முதலில் பாடுபட்டவர்களில் ஒருவர் நமது மலைநாட்டவரே. கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, சமயக் கல்வியோடு உலகக் கல்வியும் வேண்டும் என்று எழுதினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை வைத்தார். அந்தக் கருத்து கிழக்குக் கரை வரை போய்ச் சேரக் காலம் எடுத்தது.

1942ஆம் ஆண்டில் இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் பர்மா அரிசி நின்றுவிட்டது. நம்ம தாத்தா பாட்டிமார் கூப்பன் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் பழகிய காலம் அது. நாட்டிலேயே நெல்லைக் கூட்ட வேண்டும் என்று அரசாங்கம் கல்முனையில் ஓர் அவசரக் கச்சேரியைத் திறந்தது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர், இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம்.

அவர் வந்த வேலை நெல் வேலை. ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறொன்று. வயல் இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை மேலே படிக்க வைக்க ஆள் இல்லை. அவர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. ஊர்க் காசில் ஏழைப் பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த அனுபவத்தின் மேல்தான் 1945இல் நாடு முழுவதுக்குமான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் முன்னின்று தொடங்கினார். பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் செனட்டராகவும் இருந்தார்.

இதில் நமக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. கல்முனையில் இருந்த காலத்தில் அஸீஸ் மிகவும் மதித்துப் பழகியவர்களில் ஒருவர் சுவாமி விபுலாநந்தர். சுவாமிகள் பக்கத்து ஊரான காரைதீவில் 1892இல் பிறந்தவர். இராமகிருஷ்ண மிஷன் துறவி. கல்லடி உப்போடையில் 1929இல் சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்பு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ஒரு முஸ்லிம் உத்தியோகத்தரும் ஓர் இந்துத் துறவியும் பிள்ளைகளின் படிப்பு என்ற இடத்தில் ஒன்றாக நின்றார்கள். சமயம் அதற்குக் குறுக்கே வரவில்லை.

பிறகு வந்தவை நாம் கண்ணால் காண்பவை. 1949இல் கல்முனை ஸாஹிராக் கல்லூரி.  1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி, மறுவருடம் அதுவே பல்கலைக்கழகம். தமிழுக்கும் அந்தக் கரை நிறையக் கொடுத்திருக்கிறது. மருதமுனையிலிருந்து புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன், மருதூர்க்கொத்தன். கல்முனைக்குடியிலிருந்து பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம்.ஏ. நுஃமான். பெரியநீலாவணையிலிருந்து கவிஞர் நீலாவணன். இவர்களெல்லாம் ஓதல் பள்ளியால் மட்டும் வந்தவர்கள் என்று நாம் சொல்லவில்லை. படிப்பை ஊர்க் காரியமாக நினைக்கிற இடத்தில்தான் இப்படி வரிசையாக ஆட்கள் வருவார்கள் என்று சொல்கிறோம்.

துன்பமும் வந்தது. 1990க்குப் பிறகு யுத்தத்தில் அந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பயந்து வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேல். கடலோரத்து வீடுகளோடு பாடசாலைகளும் மத்ரஸாக்களும் போயின. கட்டடம் போனாலும், பிள்ளையை மாலையில் ஓரிடத்தில் கூட்டி வைத்துப் படிப்பிக்கிற வழக்கம் போகவில்லை. அது சுவரில் இருக்கவில்லை, மனிதரிடத்தில் இருந்தது.

குறைகளும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது விளம்பரமாகிவிடும். குறைகளையும் பார்ப்போம். அவையும் நமக்குப் பாடம்தான்.

சில ஓதல் பள்ளிகளில் பிரம்பு அதிகம். பயத்தில் படித்த பாடம் பயம் போனதும் போய்விடும். பொருள் தெரியாமல் மனப்பாடம் மட்டும் செய்விப்பதும் உண்டு. முன்பெல்லாம் பெண் பிள்ளை பெரியவளானதும் நிறுத்தி விடுவார்கள், அந்த வழக்கம் இப்போது வெகுவாக மாறியிருக்கிறது. இன்னொன்று, காலையில் பாடசாலை, பகலில் டியூசன், மாலையில் ஓதல், இரவில் வீட்டுப் பாடம் என்று பிள்ளையைச் சக்கையாகப் பிழிவது. விளையாட நேரமில்லாத பிள்ளைக்குப் படிப்பும் கசக்கும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மத்ரஸாக்களில் என்ன படிப்பிக்கப்படுகிறது, யார் மேற்பார்வை என்று நாடு முழுவதும் கேள்வி எழுந்தது. ஒரு தவறும் செய்யாத எத்தனையோ ஓதல் பள்ளிகளும் அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. ஆகவே ஊரார் நடத்தும் எந்த வகுப்பும் கதவைத் திறந்து வைத்து நடத்தப்பட வேண்டும். பெயர்ப் பதிவு, பாட விவரம், கணக்குக் கொப்பி மூன்றும் யார் கேட்டாலும் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான்

இங்கிலாந்துக்குக் கரீபியத் தீவுகளிலிருந்து வேலைக்குப் போன கறுப்பின மக்களின் பிள்ளைகளைப் பாடசாலைகள் "மந்தபுத்தி" என்று தனியாக ஒதுக்கி வைத்தன. 1960களின் பிற்பகுதியில் பெற்றோர் கூடி வீட்டிலும் தேவாலய மண்டபத்திலும் சனிக்கிழமைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். கிரெனடா நாட்டைச் சேர்ந்த பேர்னாட் கோர்ட் என்ற ஆசிரியர் 1971இல் ஒரு சிறு புத்தகம் எழுதி, குறை பிள்ளையின் மூளையில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில்தான் என்று காட்டினார். இன்று லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் நம்ம தமிழ் ஆட்கள் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளை பாட்டியோடு பேச முடியாமல் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"தோட்டத்துப் புள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது." இந்தப் பேச்சை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். வெளியார் சொன்னால் கோபம் வருகிறது. ஆனால் லயம் லயமாகப் போகும்போது நம்ம ஆட்களே சொல்லக் கேட்கிறோம். அந்தக் கரீபியப் பெற்றோர் செய்த முதல் வேலை, அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாமல் நிறுத்தியதுதான்.

நம்ம தோட்டத்தில் என்ன இருந்தது, என்ன இருக்கிறது?

நம்மிடமும் ஊர்ப் பள்ளி இருந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தபோதே நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூட வழக்கத்தைக் கொண்டு வந்தார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் இராத்திரியில் லாம்பு வெளிச்சத்தில் கதைப் புத்தகம் வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தன. தோட்டங்களில் பாடசாலை வேண்டும் என்று 1907இலும் 1920இலும் சட்டங்கள் வந்தாலும் பல இடங்களில் ஒரு அறை, ஒரு வாத்தியார் என்ற அளவிலேயே நின்றது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பிள்ளைக்கு அதன் பலன் வந்து சேரவில்லை. 1948இல் குடியுரிமையும் போனது. 1970களில், முக்கியமாக 1977 முதல், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. ஆக, நம்ம படிப்பின் வயது மிகக் குறைவு. பின்தங்கியதற்குக் காரணம் புத்திக் குறைவு அல்ல, தாமதமாக வந்த வாய்ப்பு.

இன்று பிள்ளை பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டு வருகிறது. அம்மா மலையில். அந்திக் கொழுந்து நிறுத்து, விறகு எடுத்து, வீடு வந்து சேர ஐந்தரை ஆகிவிடும். இந்த நாலு மணித்தியாலம் அந்தப் பிள்ளை யாரோடு இருக்கிறது? சிறுவர் பராமரிப்பு நிலையம் சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துக்கொள்கிறது. ஆறு வயதுக்கு மேல் பார்ப்பார் இல்லை. அம்மாவுக்கு எழுத்து வராது என்றால் வீட்டுப் பாடத்தைக் காட்டவும் ஆளில்லை. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிந்ததும் ஒரு கூட்டம் படிப்பில் தளர்கிறது. பதினாறு வயதில் கொழும்புக் கடைக்குப் போய்விடுகிறது. அந்த நாலு மணித்தியாலத்தைத்தான் கல்முனை ஊர்க்காரர் ஓதல் பள்ளியால் நிரப்பினார்கள்.

நாம் எப்படித் தொடங்கலாம்?

கீழே சொல்பவை நம் தோட்டங்களின் நிலைமைக்கு ஏற்றவை என்று நாங்கள் நினைக்கிறோம்.

1. இடம்: புதுக் கட்டடம் கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். கோயில் மண்டபம், தேவாலய அறை, வாசிகசாலை, இல்லாவிட்டால் லயத்துக் கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பு போதும். தோட்ட நிர்வாகத்துக்குரிய மண்டபம் என்றால் துரையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கடிதம் எழுத நாங்கள் உதவுகிறோம்.

2. படிப்பிப்பவர்: ஒவ்வொரு டிவிசனிலும் சாதாரணதரம், உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் அக்காமார், அண்ணன்மார் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். "எங்களை யாரு கூப்பிட்டா?" என்றுதான் அவர்களும் இருக்கிறார்கள்.

3. காசு: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 குடும்பம், மாதம் 100 ரூபாய் என்றால் 8,000 ரூபாய். படிப்பிக்கும் இருவருக்கு ஒரு கைச்செலவும், சுண்ணாம்புக்கட்டி, கொப்பி, பல்ப் செலவும் இதில் ஓரளவு சமாளிக்கலாம். முடியாத குடும்பம் விறகோ உழைப்போ கொடுக்கட்டும். காசு கொடுக்காத வீட்டுப் பிள்ளையை மட்டும் வெளியில் நிறுத்தவே கூடாது. திருவிழாக் காசோடு இதைக் கலக்க வேண்டாம். மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் பெண். மாதக் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள்.

4. நேரம்: பின்னேரம் மூன்றரை முதல் ஐந்து வரை, கிழமைக்கு நாலு நாள். மழைக் காலத்தில் இருட்டும் முன் முடித்து விடுங்கள். தூரத்து லயத்துப் பிள்ளைகளை ஒரு பெரியவர் கூட்டிப் போய் விடட்டும். பிரம்பு வேண்டாம். கடைசி இருபது நிமிடம் விளையாட்டு.

5. பாடம்: முதலில் தமிழ் வாசிப்பு. தினமும் ஒவ்வொரு பிள்ளையும் வாய் விட்டு ஒரு பந்தி வாசிக்க வேண்டும். பிறகு கணக்கு. மூன்றாவதாகச் சிங்களமும் இங்கிலீசும் பேச்சுப் பழக்கம். பெரிய பிள்ளைகளுக்கு அம்மாவின் சம்பளத் துண்டை வாசித்து விளக்கவும், சேமலாப நிதிக் கடிதத்தைப் புரிந்துகொள்ளவும் பழக்குங்கள். படிப்பின் பலன் அன்றைக்கே வீட்டில் தெரியும்.

6. நம்ம பாட்டும் கூத்தும்: மாதம் ஒருமுறை பாட்டிமாரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். தாலாட்டு, கும்மி, கொழுந்துப் பாட்டு சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் எழுதட்டும். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார். அவர் சேர்க்காமல் விட்டது இன்னும் எத்தனையோ பாட்டிமார் வாயில் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போகும். தப்பு அடிக்கத் தெரிந்த பெரியவரையும் கூப்பிடுங்கள். அது வெட்கப்படுகிற கலை அல்ல.

7. சமயம்: கல்முனைக்கும் நமக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஓதல் பள்ளி ஒரே சமயத்தாருடையது. நம் லயத்தில் இந்து, கத்தோலிக்கர், மற்றச் சபையார், சில இடத்தில் முஸ்லிம் குடும்பங்கள் எல்லாரும் சுவருக்குச் சுவர் இருக்கிறோம். ஆகவே மாலை வகுப்பு எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். சமயப் பாடம் அவரவர் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கட்டும். இந்து அறநெறிப் பாடசாலை தொடங்க விரும்புகிறவர்கள் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிவு செய்யலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை

மாலை வகுப்பு வைத்தால் அரசாங்கம் தன் கடமையைக் கைகழுவிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி விடக் கூடாது. கணக்கு மாஸ்டர் இல்லாத பாடசாலைக்கு மாஸ்டர் கேட்பதை நாம் நிறுத்தவே கூடாது. ஆனால் மாஸ்டர் வரும் வரை நம்ம பிள்ளை வயது நிற்காது. கல்முனையில் சங்கம் வைத்தவர்களும் அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டேதான், தங்கள் கையிலும் வேலையைத் தொடங்கினார்கள். தாங்களே பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பிக்கிற ஊர் போய்க் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பலம் கூடும்.

உங்கள் டிவிசனில் மாலை வகுப்பு தொடங்க விரும்பினால், படிப்பிக்க விருப்பமுள்ள இருவரின் பெயரையும், பிள்ளைகளின் தொகையையும், இடத்தையும் ஒரு கடதாசியில் எழுதி நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அடுத்த சம்பள நாளைக்கு முன் சொன்னால், அன்றைக்கே ஒரு கூட்டம் வைத்துப் பேசலாம்.